தபாலக்காவின் சிவப்புப் பென்சில்

கொண்டையில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை உருவி, ஆளில்லாத கவரின் மேல் 'இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை. அனுப்பியவருக்கே' என்று எழுதிவிட்டு, தபாலக்கா மூச்சு வாங்க மூன்றாம் மாடி ஏறுகிறார். படிக்குப் படி வலது முழங்கால் கடக்கென்கிறது. "எனக்கு மணியே வேணாம். முட்டிச் சத்தம் கேட்டுக் கதவத் திறந்துடுவாங்க" என்பார்.

பத்தொன்பது வருடமாக இதே ஆறு தெரு. யாருக்குக் காது மந்தம், எந்த வீட்டு மகன் கடிதமே போடுவதில்லை, எல்லாம் அத்துப்படி. நல்ல சேதியை வாசலிலிருந்தே கத்துவார். கெட்ட சேதி என்றால் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிடுவார். தாகமே இருக்காது.

இந்த அத்துப்படிதான் வினையானது. தேர்தல் நெருங்கியதும், சாமி பெயரைச் சொல்லியே வயிறு வளர்க்கும் கட்சிச் செயலாளர் ஒரு நோட்டை நீட்டினார். நடுவில் கோடு. ஒரு பக்கம் 'நம்மவர்', மறு பக்கம் 'மற்றவர்'. எந்த வீடு எந்த மதம் என்று நிரப்ப வேண்டுமாம். நிரப்பினால் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மறுத்தால் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளே நிறைந்த பக்கம் மாற்றல். "நம்ம பொம்பளைன்னு நம்பிக் கேக்குறேன்" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மாதான் என்று சிரித்தார். பக்கத்து ஊரில் இப்படிச் சும்மா எடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு பார்த்துத் தீ வைத்தார்கள்.

ஒரு வாரம் நோட்டு பைக்குள் கிடந்தது. பொய் சொல்வானேன், உட்கார்ந்து பார்க்கும் வேலைமேல் ஆசையாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நேற்று சாப்பிடும்போது கணவரிடம் பொரிந்து தள்ளினார். "இத்தன வருசமா வீடு வீடாக் கடுதாசி கொடுத்தேன். இப்போ கொள்ளிக்கட்டையக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்றான். மாத்தட்டும், முட்டி போனா போகுது."

இன்று காலை செயலாளர் தன் வீட்டு வாசலில் ஆட்கள் புடைசூழ உட்கார்ந்திருந்தார். அக்கா நோட்டை எடுத்ததும் பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. நின்றபடியே பென்சிலை உருவி, 'மற்றவர்' என்ற தலைப்புக்குக் குறுக்கே வழக்கமாக எழுதுவதையே எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்.

"இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை. அனுப்பியவருக்கே."

நோட்டை அவர் வீட்டுத் தபால் பெட்டிக்குள் தள்ளினார். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுப் படியில் கால் வைத்தார். முட்டி கடக்கென்றது; மேலே ஒரு கதவு திறந்தது.