புறங்கையால் தொடுகிறவர்

செட்டியார்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் ஸ்விட்ச் போர்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று போன் வந்தது. கீழே இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கரண்டு அடிச்சிருச்சா?" என்றார். வழியில் பார்த்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். நெஞ்சுவலி என்றதும் ஒன்றிரண்டு பேருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அண்ணாச்சி காதில் விழுந்திருந்தால் கோபப்பட்டிருப்பார். கரண்டு அடித்துச் செத்தான் என்று பேர் வாங்குவது ஒரு எலக்ட்ரீசியனுக்கு அவமானம் என்பது அவர் கட்சி.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய புறங்கை நினைவிருக்கும். கிரைண்டரோ மோட்டாரோ, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கரண்டு பாய்ந்தால் விரல்கள் உள்பக்கமாக மடங்கும். உள்ளங்கையால் பிடித்தவனால் விட முடியாது, புறங்கை என்றால் தப்பிக்க வழியுண்டு. எங்கள் தொழிலில் பலரும் இதைச் செய்கிறவர்கள்தான். ஆனால் அவர் கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையைக்கூட அப்படித்தான் தொட்டார். கேலி செய்தால், "டெஸ்டரும் மனுசன் செஞ்சதுதானலே" என்பார்.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கு இருவரும் போனோம். பால் வைக்கும் ஃப்ரீசரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று கடைக்காரரின் மனைவி செல்வி சொல்லியிருந்தார். கடைக்காரரே அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யல" என்றார். தரையெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர். செல்வி வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"செருப்பு எம்புட்டு நேரம் கால்லயே கிடக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினார். உள்ளே, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலாகப் பச்சை வயர் ஓடியது. நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பதுதான் வழக்கம். நம் பக்கத்தில் இது புதிதில்லை. புது வீடு, புதுக் கடை என்றால் கறுப்பு ஆகாது என்பார்கள். வயரிங் செய்கிறவர், எதற்கு வம்பு என்று கறுப்பு ஓட வேண்டிய இடத்தில் பச்சையை ஓட்டிவிடுவார். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த்துக்குத் தனி வயர் இருக்காது. அடுத்து வருகிறவர் பச்சையைப் பார்த்ததும் எர்த் என்று நம்பி, ஃப்ரீசரின் உடம்பை அதில் சேர்த்துவிடுவார். இங்கே நடந்ததும் அதுதான். போதாததற்கு, போர்டுக்கு வரும் நியூட்ரலில் ஒரு இணைப்பு லூசாகியிருந்தது. அது முழுதாக விட்டுப்போனால் கரண்டு ஃப்ரீசர் தகரத்தில் வந்து நிற்கும்.

"கறுப்பு வயரும் எர்த்தும் போடணும். அதுவரைக்கும் இத ஓட்டாதீய" என்றார் அண்ணாச்சி.

"கறுப்பு வேண்டாம்னு அப்பா சொன்னது. வேற கலர்ல போடுங்க" என்றார் கடைக்காரர்.

நீலம் போடலாம்தான். ஆனால் அண்ணாச்சிக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. "கறுப்புன்னா அடுத்து வாரவன் குழம்ப மாட்டான். ஆண்டாள் கொண்டை மட்டும் என்ன கலராம்?"

உள்ளேயிருந்து செல்விதான் சொன்னார்: "கறுப்பே போடுங்க. எம்புள்ளைகளுக்கு நான் வேணும்."

வேலை முடியும்வரை பாலைப் பக்கத்துக் கடை ஃப்ரீசரில் வைத்தோம். கேன்களை அண்ணாச்சியே தூக்கினார். அந்த ஃப்ரீசரையும் முதலில் புறங்கையால்தான் தொட்டார்.

இறந்த செய்தி வந்த அன்று, சோழபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் வழியாக வயர் வந்தது. மாலைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. மகள் பெட்டியின் மேல் விழப்போனாள். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னேன். கூட்டம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. பெட்டியின் விளிம்பில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, புறங்கையை வைத்தேன். "பாவம், அண்ணாச்சியத் தடவிக் குடுக்கான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அண்ணாச்சியின் மனைவிக்கு, மதினிக்கு மட்டும் புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மதினி. தொடலாம்."

அதன் பிறகுதான் மதினியும் மகளும் பெட்டியின் மேல் விழுந்து அழுதார்கள்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் புறங்கையைத்தான். அன்றைக்கு அதில் பட்டது வெறும் குளிர்ச்சி.