செத்தவீட்டு நேரலை றொஜன்

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் றொஜன், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சூடு இல்லை. சூடு இருந்தாலாவது இன்ன வருத்தம் என்று சொல்லலாம். பழைய ஹார்ட் டிஸ்க் கெடுவதற்கு முன் கறகறவென்று புலம்பும், இந்தப் புதுவகை எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாயே திறக்காது. "சத்தம் போட்டுச் சாகிறதுக்குப் பயமில்லை. இது சொல்லாமல் கொள்ளாமல் போயிடும்" என்பார். சொல்லிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்ப்பார்.

மன்னாரில் பிறந்து, புலம்பெயர்ந்து ஸ்ட்ரெதமில் குடியிருப்பவர். ஒரு காலத்தில் கல்யாணவீடும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் வீடியோ எடுத்தார். கொரோனாக் காலத்தில் ஒரு செத்தவீட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகக் காட்டப் போனார், அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது நல்ல காரியத்துக்கு அவரைக் கூப்பிடுவார் இல்லை. தமிழ்க்கடையில் அவரைக் கண்டால் வயதுபோன சிலர் அரிசி வரிசையை விட்டுப் பருப்பு வரிசைக்கு நழுவிவிடுகிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. போன் அடித்தால் மனிதர் ஹலோ சொல்லமாட்டார், "சொல்லுங்கோ, ஆர்?" என்றுதான் எடுப்பார்; செத்தது ஆர் என்று அர்த்தம். தன் மகனுடைய பிறந்தநாளுக்கு அழைக்க எடுத்த மச்சாள் ஒருத்தி அந்தக் கேள்வியோடு போனை வைத்துவிட்டாள்.

வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது. கறுப்புச் சட்டை, சத்தம் போடாத சப்பாத்து. பெட்டிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒருநாளும் நிற்கமாட்டார். "முதல் முகத்தைக் காட்டோணும். மாலையையும் மண்டபத்தையும் பிறகு காட்டலாம்" என்பது அவருடைய சட்டம்.

அவருடைய பயமெல்லாம் போன மாரியில் தொடங்கியது. ஒரு செத்தவீட்டில் பெட்டியை மூடப்போகும் நேரம் காட்சி அப்படியே நின்று, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. மறுபடி ஓடியபோது மூடி போட்டாகிவிட்டது. ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த, இறந்தவரின் தமக்கை ஏசவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் எழுதி அனுப்பினார். ஏசியிருந்தால் றொஜன் எப்போதோ மறந்திருப்பார்.

இன்றைக்கு லக்‌ஷனின் செத்தவீடு. லொறி ஓட்டிய பையன், கல்யாணம் ஆகவில்லை, நெஞ்சுவலி. தாய் கல்யாணி கிளிநொச்சியில் இருக்கிறார், விசா கிடைக்கவில்லை. விடிந்ததிலிருந்து அவருடைய குரல்பதிவுகள் வந்தபடி இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "தம்பி, பிள்ளையின்ர முகம் தெரியும்தானே?"

"ஓம் அம்மா, வடிவாத் தெரியும்" என்று ஒவ்வொரு முறையும் பதில் அனுப்புகிறார் றொஜன். மண்டபத்தின் பக்க அறையில், அவர் முன்னால், மடிக்கணினி ஒரு கோப்பைத் திறக்கவே முக்கிக்கொண்டிருக்கிறது. தன் வாயால் சொன்ன உறுதி தனக்கே பொய்யாகக் கேட்கிறது.

நிறுத்தித் திரும்பத் தொடக்குகிறார். வைரஸ் இருக்கிறதா என்று தேடுகிறார். பின்னால் தானாக ஓடுபவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுகிறார். பதிவு செய்யாமல் வெறுமனே காட்டிப் பார்க்கிறார். அப்போதும் காட்சி விக்குகிறது. கமராவின் வயரை மாற்றுகிறார். அதில் பிழையில்லை என்று அவருக்கே தெரியும்.

கூடமாட உதவ வந்திருக்கும் மனைவி கத்தரின், "போனிலை காட்டுங்கோவன்" என்கிறார்.

"இந்த அறையிலைதான் சிக்னல் கிடக்கு. உள்ளுக்கு, பெட்டி வைக்கிற இடத்திலை இல்லை, கத்தரின். மண்டபத்தின்ர இன்ரநெற் வயர் இந்த லப்டொப்புக்குத்தான் கொழுவலாம்."

செவன் கிங்ஸில் கணினிக்கடை வைத்திருக்கும் றூபனுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, போன் எடுக்கிறார். றூபன் பார்த்த உடனேயே சொல்லிவிடுகிறான்.

"அண்ணை, டிஸ்க்கிலை பழுதில்லை. நிரம்பி வழியுது. எஸ்.எஸ்.டி எண்டா கொஞ்ச இடம் வெறுமையாக் கிடக்கோணும், இல்லாட்டி ஒவ்வொண்டையும் எழுதத் திணறும். பெரிசா ஒண்டை அழியுங்கோ, ஓடும்."

"வேறை எங்கையும் மாத்தி வைக்கேலாதோ?"

"இந்த ஸ்பீட்டிலை இண்டைக்கு முடியாது, அண்ணை."

அழிப்பதுதான் றொஜனால் ஆகாத காரியம். முன்பு வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். அது அவருடைய வான் வண்டியிலிருந்து கீழே விழுந்து ஒரேயடியாகப் போனது. அன்றிலிருந்து எதையும் இந்தக் கணினியை விட்டு வெளியே அனுப்புவதில்லை. குடும்பங்களுக்குப் பென்டிரைவ் கொடுக்கிறார்தான்; அவர்கள் தொலைத்துவிட்டு, ஆண்டுத் திவசம் வரும்போது "அண்ணை, அப்பான்ர வீடியோ கிடக்கோ?" என்று கேட்பார்கள். "கிடக்கு" என்று சொல்வதில் மனிதருக்குப் பெரிய நிறைவு. இப்படியே சேர்ந்து சேர்ந்து, இறந்தவர்கள் எல்லாரும் பெயர் பெயராக உள்ளே இருக்கிறார்கள். இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை.

சபாரத்தினம் என்ற பெயரில் சுட்டியை வைக்கிறார், எடுக்கிறார். யாக்கோப்புவில் வைக்கிறார், எடுக்கிறார். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கிறது.

"பெட்டி வந்திட்டுது. ஆரையாவது எடுங்கோ" என்கிறார் கத்தரின்.

"ஆரை எடுக்கிறது? எல்லாம் ஆக்கள் என்னை நம்பித் தந்தது."

சுட்டி இறங்கிக்கொண்டே போய் 'அப்பா' என்ற பெயரில் நிற்கிறது. றொஜனின் தகப்பன் மன்னாரில் இறந்தபோது, இவருக்கு இங்கே விசா கிடைத்திருக்கவில்லை, போக முடியவில்லை. தம்பி பெரிய கமராவில் காலையிலிருந்து அடக்கம் வரை எடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே இருப்பவற்றில் மிகப் பெரியது அதுதான். தம்பியிடமும் இப்போது பிரதி இல்லை.

"இது ஒண்டுதான் என்ர" என்கிறார்.

கத்தரின் கிட்ட வருகிறார். "அது வேண்டாம். வேறை ஏதும் பாருங்கோ."

கல்யாணியின் அடுத்த குரல்பதிவு வந்து விழுகிறது. றொஜன் அதைத் திறக்கவில்லை. கோப்பைத் தெரிவு செய்கிறார். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்கிறது. அவர் கதிரையைப் பின்னே தள்ளி, வீட்டிலிருந்து பெட்டி வெளிக்கிடும்போது பிள்ளைகள் நிற்பதுபோல எழுந்து நேராக நின்று, விசையை அழுத்துகிறார்.