புத்தகத்தில் இருந்த கோடை

அந்தக் காரை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொண்டேன். செல்லூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் விடிந்தால் தறிச் சத்தம்தான். ஒருநாள் காலை அதற்கு நடுவே ஓர் உறுமல் கேட்டது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியே வந்து பார்த்தால், இரண்டு பக்கச் சுவரையும் உரசாத குறையாக, கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஓட்டி வந்தவன் என் மகன்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு, சந்து முனையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த பாயிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கார், பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவனுடைய காலேஜ் சிநேகிதனுடையது. அந்தப் பையன் வீட்டுக்கு எழுமலைப் பக்கம் நிறைய நிலம். கோடையில் வறண்டுகிடக்கும் கண்மாய்க்குள் வட்டமாகப் பாதை போட்டு முப்பது சுற்றுப் பந்தயம் வைக்கப்போகிறார்களாம். மலைத்தோட்டத்துத் துரைமார் இரண்டு பேர் கார்களோடு வருகிறார்களாம். தன் காரை என் மகன்தான் ஓட்ட வேண்டுமாம்.

“உன் காருதானே? நீயே ஓட்டுறதுக்கென்ன?” என்றேன்.

“எனக்குப் பயமா இருக்குல்ல அத்தை,” என்றான் அந்தப் பையன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

என் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். முடிவு என்னுடையதாயிற்று. நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே காவல், படிப்புதான். காரோடு சீமையிலிருந்து கம்பெனிக்காரன் அனுப்பிய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதை ஒரு வரி விடாமல் பாய்க்கு நான் படித்துச் சொல்வேன், அதன்படியே வேலை நடக்க வேண்டும், அப்படியானால்தான் அனுப்புவேன் என்றேன்.

பள்ளி விட்டதும் நேரே பட்டறைக்குப் போவேன். எனக்கென்று ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டிருப்பார் பாய். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் திருகுளியின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

“டீச்சரம்மா வந்ததுலருந்து என்ஜினு கூட ஒழுங்கா கையைக் கட்டி நிக்குது,” என்பார்.

“பரீட்சையில பெயிலாப் போனா நீங்கதான் பாய் முட்டி போடணும்,” என்பான் என் மகன்.

அந்த மாலை நேரங்களை நினைத்தால் இன்னும் ஏக்கமாக இருக்கிறது. பெட்ரோல் வாடையும், எதிர்க்கடையிலிருந்து வரும் தேநீரும், காது வரை கருப்புப் பூசிக்கொண்டு என் பிள்ளை சிரிப்பதும். பள்ளிக்கூட வயதுக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் பாய் கவலையோடு சொன்னார்: “ரோட்டுல ஓடுறது வேற டீச்சரம்மா. மாட்டு வண்டி வரும், பள்ளம் வரும், என்ஜினு கொஞ்சம் மூச்சு விட்டுக்கும். ரவுண்டுல அதுக்கு நேரமே கிடையாது. ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்தா அடியில கெடக்குற ஆயிலும் ஒதுங்கிரும். பம்பு வெறுங்காத்த இழுக்கும். லாரிக்கு ஊத்துற கனமான ஆயிலே ஊத்திருவமா?”

நான் பக்கத்தைப் புரட்டினேன். கோடைக்கு நடுத்தர ஆயில் என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. அதைவிடக் கனமானதை ஊற்றினால் பேரிங்குகளுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், கெடுதல் என்றும் இருந்தது.

“கோடைக்குன்னே தனியாப் போட்டிருக்கான் பாய். நாம ஏன் மாத்தணும்?”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். “செஞ்சவன் சொல்றான். சரி, அம்புட்டுத்தான்,” என்றார்.

எந்த ஊர்க் கோடை என்று நான் யோசிக்கவில்லை. மிதவெப்ப மண்டலம், உஷ்ண மண்டலம் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள் நான்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, வெயில் ஏறுமுன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப்பார்த்தான். நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். புளியமரங்கள் பின்னால் ஓடின. என்ஜின் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் போயிற்று. “இன்னுங் கொஞ்சம் வேகமாப் போடா,” என்று நானே சொன்னேன்.

பந்தயத்தன்று கண்மாயில் தரை வெடித்துக்கிடந்தது. கரைமேல் சனம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

“ஏண்ணே, கண்மாயில தண்ணியே இல்ல, இவனுக எதுக்கு இப்படிச் சுத்துறானுக?”

“மீன் பிடிக்கத்தான். பேசாமப் பாரு.”

பத்தாம் சுற்றுக்குள் துரைமார் கார் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. மற்றொன்று முன்னால் போக, என் மகன் துரத்திக்கொண்டிருந்தான். என் பக்கத்தில் நின்ற பாய் திடீரென்று தலையைச் சாய்த்தார்.

“சத்தம் மாறுது.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் எனக்கும் கேட்டது. கதவை உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல ஒரு டொக் டொக். பாய் தோளில் கிடந்த துண்டை வீசிக்கொண்டு பாதையோரம் ஓடினார். “நிறுத்து மாப்ள! நிறுத்துடா!” புழுதியில் அவன் பார்த்திருக்க முடியாது. எதிர்க்கரைத் திருப்பத்தில் இரும்பு முறியும் சத்தம் கேட்டது. என்ஜினுக்கு அடியிலிருந்து கரும்புகை வந்தது, அதற்குள் ஒரு சிவப்பு நாக்கு. கார் பக்கவாட்டில் இழுபட்டுப் போய் மண்ணில் புதைந்து நின்றது.

நான் எப்படிக் கரையிலிருந்து இறங்கினேன் என்று தெரியாது. நான் போய்ச்சேருவதற்குள் அவனை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். சனம் கையால் மண்ணை அள்ளித் தீயை அணைத்துக்கொண்டிருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே, தோல் இல்லை. “ஒண்ணுமில்லம்மா,” என்றான். அவன் பல் கிட்டித்திருந்தது.

வண்டி கிடைக்கும் வரையில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பாய் காருக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்ததை விரலில் தொட்டுப் பார்த்தார். அது விரலிடுக்கில் நிற்காமல் தண்ணீராய் ஓடியதை நானும் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கட்டு மாற்றும்போது அவன் கத்தாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அந்த ஆயிலு நான் படிச்சுச் சொன்னதுடா. பாய் வேற ஊத்தலாம்னாரு. நான்தான் கேக்கல.”

“தெரியும்,” என்றான். “அவரு சொல்லல. நான் அன்னைக்கு வண்டிக்கடியிலதான படுத்திருந்தேன், கேட்டேன். பதினோராவது ரவுண்டுலயே ஆயில் மீட்டர்ல முள்ளு இறங்கிருச்சும்மா. அப்பவே நிறுத்தியிருக்கணும். துரையை எட்டிப் பிடிச்சிரலாம்னு இன்னும் மிதிச்சேன். உன் ஆயிலு பாதி, என் காலு பாதி.”

எனக்கு அழுகை வந்தது. அவன் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்தான். என் தப்பை நான் எப்படியோ சுமந்துவிடுவேன். ஆனால் முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்திருக்கிறான் என்பதை நான் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. இன்று பட்டாளத்து லாரிகளோடு எங்கோ வடக்கே இருக்கிறான். கடிதம் வரத் தாமதமானால் எனக்கு நினைவுக்கு வருவது தீ அல்ல, அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்த முள்தான்.

அந்த வருஷம் ஆவணியில் என்ஜினை மறுபடி கட்டி முடித்தார் பாய். பள்ளி விட்டு நான் போனபோது கனமான ஆயில் டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“நீங்களே ஊத்துங்க டீச்சரம்மா.”

அது தேன்போல இறங்கியது. கொஞ்சம் வெளியேயும் வழிந்தது. மகன் வடுப்பட்ட காலை மெல்ல மடக்கி உள்ளே வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். நான் குனிந்து அவன் காதருகே கேட்டேன்:

“இனிமே முள்ளு இறங்குனா நிறுத்துவியா?”

“நிறுத்துவேம்மா,” என்றான். கண் ரோட்டின்மேல் இருந்தது.