அதே மாதிரி நாலு பிளக்

மதுரைக்குப் போகும் வழியில், கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் என் கார் நாலைந்து முறை வெட்டி வெட்டி இழுத்துவிட்டு நின்றது. பக்கத்து இருக்கையில் கறுப்புக் கண்ணாடியுடன் என் மனைவி. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். இடது கண் ஏற்கெனவே பாதிதான் தெரியும். அன்று டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். சாலையோரப் புழுதியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் நின்றாள். நான் பானெட்டைத் திறந்து, இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன். வண்டி ஒருவழியாகக் கிளம்புவதற்குள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள்.

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காரைப் பற்றித் தெரியும் என்று நினைத்திருந்ததால், அந்த வாரம் முழுக்கக் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசலில் வைத்தே, பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரி அப்பிக் கிடந்தன. ஒன்றைத் தாளில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்தில் எதையும் இப்படித்தான் வாங்குவது. குழாய்க்கு வாஷர், ஜாக்கெட்டுக்கு நூல், மிக்ஸிக்கு மூடி, எதற்கும் பழசைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவோம். நம்பர் சொல்லிக் கேட்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான்.

"எந்த வருஷத்து வண்டி சார்?" என்றார் உதிரிபாகக் கடை பாய்.

"வருஷம் எதுக்கு பாய்? இதே மாதிரி நாலு குடுங்க."

"பழசு சரியானதுதானான்னு ஒரு தடவ பாத்துக்கிடலாமே."

"நாலு வருஷமா இதுலதான் ஓடுது."

அவர் நாலு பிளக்கை எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்த பிளக்குகள் அச்சு அசலாகப் பொருந்தின. இரண்டு நாள் ஓடிய வண்டி, திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு முன்னால் பழையபடி வெட்டியது. சரி, பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயிலில்தான் கோளாறு என்று தீர்ப்பு சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு அவளுக்கு விளங்கவைத்தேன்.

"படத்தப் பொறவு போடுங்க. மொதல்ல கண்ணுக்கு மருந்த விடுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காயிலும் அதே முறையில், பழசைக் காட்டி வந்து சேர்ந்தது. புதன்கிழமை அதுவும் பொய்த்தது. கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று மனைவியிடம் சத்தம் போட்டுவிட்டு, சண்டைக்குத் தயாராக ராஜபாளையம் போனேன். பாய் எனக்கும் ஒரு டீ சொன்னார். வண்டியின் மாடலைக் கேட்டு, ஒரு தடித்த பட்டியலைப் புரட்டினார்.

"பிளக் நல்ல பிளக்குதான் சார். உங்க வண்டிக்கு உள்ளது இல்ல. பிளக்குல போட்டிருக்க கடைசி நம்பர் வேற. இது சூட்டச் சீக்கிரம் வெளிய விட்டுரும், வேகமா ஓடுற பெரிய இன்ஜினுக்கு உள்ளது. நீங்க எம்புட்டு வேகத்துல போவீங்க?"

"நாப்பது."

"அப்ப சூடு பத்தாது. கரி எரியாம தங்கத்தான் செய்யும். மொத மொத எதக் காட்டி வாங்குனீங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். நாலு வருஷத்துக்கு முன் என் பழைய பிளக்குகள் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. காட்ட ஒன்றும் இல்லாமல், சுந்தரபாண்டியம் போய் மச்சான் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனேன். அவர் காரும் வெள்ளை, என் காரும் வெள்ளை, கம்பெனியும் ஒன்று. இன்ஜின்தான் அவருடையது பெரிது. மச்சான் ராணுவத்தில் இருந்து வந்தவர். ரோட்டில் முன்னால் யார் போனாலும் பொறுக்காது. அவருடைய பிளக்கைப் போட்டுக்கொண்டு நான் நாற்பதில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அடிக்கடி கரியைச் சுரண்டி, பெட்ரோல் பங்குக்காரனைத் திட்டியும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை சரியான பிளக்குகளைப் போட்டு, எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரம் வரை போய்வந்தேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை, என் மேல்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அதைச் சொல்ல ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஆனது. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காரை வாசலில் நிறுத்திக் காத்திருந்தேன். அவள் பையோடு வெளியே வந்து, காரைத் தாண்டி நடந்தாள்.

"ஏறு. இப்பச் சரியானத போட்டாச்சு."

"சனிக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க. செவ்வாக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க. எனக்கு இருக்கிறது ஒரு கண்ணுங்க. நான் பஸ்ஸுல போறேன்."

"அப்ப நான்?"

"பின்னால வாங்க. பஸ் நின்னு போச்சுன்னா ஏறிக்கிடுதேன்."

நானும் அவளோடு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. கையில் சாவி இருந்தது.

கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. மதுரை வரும்வரை கார் ஒரு தடவைகூட வெட்டவில்லை. அவளும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.