சாரல் நிற்கும் இடம்

1959, ஆடி மாதத் தொடக்கம். தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடமாகத் தற்காலிக ஆசிரியர். இன்ஸ்பெக்டர் வந்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும்.

எந்தப் பாடம் முடிந்தாலும் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்பேன். வகுப்பு கல்லாக உட்கார்ந்திருக்கும். தப்பித்தவறி ஒருவன் கேட்டாலும், விடை புத்தகத்தின் அதே பக்கத்தில் இருக்கும். புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியாகக் கேளுங்கள் என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"வேய், இந்த இன்ஸ்பெக்டருக்குப் பயலுவ கேள்வி கேட்டா ரொம்பப் பிடிக்குமாம். நாலு பேருக்கு நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஒழுங்கா ஒப்பிக்க வையும்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. சாயங்காலம் வரை ஒப்பிக்க வைத்தேன்.

மறுநாள் பருவமழைப் பாடம். முடிந்ததும், சொல்லிவைத்தபடி முதல் பையன் எழுந்து ஒரே மூச்சில் கேட்டான்: "மனிதன் மலையை ஆள்கிறானா, மலை மனிதனை ஆள்கிறதா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பலே. இது எப்போ தோணுச்சு தம்பி?"

"எனக்குத் தோணல சார். எட்மாஸ்டர் எழுதித் தந்தாவ."

தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, "சரி. எழுதித் தராதது ஏதாவது இருக்கா?" என்றார். அவரும் என்னைப் போலவே களைத்திருந்தார். வகுப்பு அசையவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. நான் அப்படி ஒரு நாளும் காத்திருந்ததில்லை. சந்தேகம் உண்டா என்று கேட்ட கையோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

வெகுநேரம் கழித்து, செங்கோட்டையிலிருந்து ரயிலில் வரும் பையன் எழுந்தான்.

"சார், செங்கோட்டையில நனைஞ்சுக்கிட்டுதான் ரயில் ஏறுதேன். இங்கன எறங்குனா தரை காஞ்சு கெடக்கு. நடுவுல எந்த எடத்துல சார் சாரல் நிக்குது?"

"ஏலே, ரயில்ல தூங்காம வந்தா தெரியும்லா" என்றது பின் பெஞ்சு. எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாருக்குத் தெரியுமா?"

என் வேலை அந்தப் பதிலில் இருந்தது. "தெரியாது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

"தெரியாதுன்னா சொல்லுவீரு? எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா" என்றார் தலைமையாசிரியர்.

அந்தச் சனிக்கிழமை பையன்களுடன் செங்கோட்டைச் சாலையில் நடந்தேன். ஓர் இடத்தில் சட்டை நனைந்தது. "இங்கனதான் சார்" என்றான் ஒருவன். நாலு எட்டு பின்னால் வந்து பார்த்தோம், அங்கும் தூறல். "காத்து தள்ளுதோ?" "அப்போ மத்தியானம் வேற எடமாலே?" "ராத்திரி?" திரும்பும் வழியெல்லாம் கேள்விகள். ஒன்றுகூட யாரும் எழுதிக் கொடுத்ததல்ல.

அந்த வருடம் வேலை நிரந்தரமாகவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் தேதியை வருடம் தவறாமல் குறித்து வைக்கிறவன் நான். அது எங்கே நிற்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில் எவ்வளவு அசதியாக இருந்தாலும், சந்தேகம் உண்டா என்று கேட்டுவிட்டு, யாராவது எழுந்திருக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.