அவர்கள் முறை

இறால் வாங்க வந்த தோணிரேவு ஏரிக்கரையில், கார் பானட்டின் மேல் நியூசிலாந்து வரைபடத்தை விரித்துவைத்துச் சண்டை நடக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான்கு வாரக் கார்ப் பயணம். மகளுக்கு முதலில் கடல் வேண்டும், என் கணவருக்கு மலை. பயணமே நின்றுவிடும் போலிருக்கிறது.

திடீரென்று ஏரி கொதிப்பதுபோல் மடவை மீன்கள் கூட்டமாகத் துள்ளுகின்றன. பக்கத்தில் வலையோடு உட்கார்ந்திருக்கும் மீனவர் அசையவே இல்லை.

"வலை போடலையாண்ணே?" என்கிறேன்.

"இன்னிக்கு இந்த எடத்துல வலை போடுற பாடு எங்களுது இல்லம்மா. அவங்க முறை."

தூரத்துப் படகைக் காட்டுகிறார். தண்ணீரில் கோடில்லை, காவலில்லை. அவரே எழுந்து துண்டை வீசிக் கத்துகிறார்: "மடவை இங்க கீதுடா, சீக்கிரம் வா!"

மகள் வரைபடத்தை அப்பா பக்கம் திருப்புகிறாள்.

"முதல்ல உங்க மலை, அப்பா. அப்புறம் என் பாடு."