பௌர்ணமியைக் கழித்த கூலி

செவெரினாவுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்கள் கருவாட்டுக் களத்தில் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. எத்தனை தட்டு, எவ்வளவு கூலி என்று மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். அதையே தாளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் அவளுக்குக் கை ஓடாது.

எஸ்தான்சியா என்கிற எங்கள் கடலோர ஊரில் பிறந்தவள். பதினோரு வயதில் பள்ளியை விட்டு மீன் பிளக்க வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உட்கார்ந்ததற்குக் காரணம், துறைமுகத்தில் இருக்கும் மீன் டப்பா ஆலை. சான்றிதழ் இருந்தால் அங்கே வேலை உண்டு, மாதம் முழுக்கக் கூலியும் உண்டு. களத்தில் அது நடக்காது. எங்கள் படகுகள் விளக்குப் போட்டு மீன் பிடிப்பவை. பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் கடலே பளபளவென்று கிடக்கும்போது எந்த மீன் விளக்கைத் தேடி வரும்? படகு போகாது, களத்தில் மீன் காயாது, வீட்டில் அரிசி டப்பாவின் அடி தெரியும்.

இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் கோட்டை விட்டாள். நாற்பத்தைந்து ஆகிவிட்டவர்களை ஆலையில் எடுப்பதில்லை. அவளுக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி.

அவளுக்குக் கணக்கு வாசித்துக் காட்டுகிற வேலை கணவன் கிரிசாந்தோவுடையது. படகில் விளக்குப் பார்க்கிறவன், இரண்டாம் வகுப்போடு நின்றவன். கடலுக்குப் போவதற்கு முன் வலையை மடியில் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பான். அவள் விடை சொல்வாள். அவன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்பான். தினமும் சரி, எல்லாமே சரி. அந்தத் தெம்போடு போய் மாதிரித் தேர்வு எழுதியவளுக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் வந்தது.

பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் மாய்லின் டீச்சர், திருத்திய தாளை அவள் முன்னால் வைத்தாள். ஒரு பெண்ணுக்கு நாள் கூலி நானூறு பெசோ. பதினைந்து சதவீதம் கூட்டுகிறார்கள். ஏப்ரலில் நான்கு ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை. அந்த மாதச் சம்பளம் என்ன?

"நானூத்தி அறுபதுன்னு சரியாத்தான் வந்திருக்கீங்க அக்கா. அப்புறம் ஏன் இருபதால பெருக்குனீங்க? இருபத்தாறு நாள் இருக்கே."

"பௌர்ணமிக்குப் படகு போகாதே டீச்சர்."

"இவ தையல் கடையில வேலை பாக்குறா அக்கா."

செவெரினா வீட்டுக்கு வந்த வேகத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"நேத்து இதே மாதிரி கணக்குக்கு சரின்னியே, கடைசிப் பக்கத்தைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். அதுல வேற என்னமோ போட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

கிரிசாந்தோ கழுத்தைச் சொறிந்தான். "கூலி விஷயத்துல நீ தப்பா சொல்லுவியா ரினா? புத்தகத்துலதான் அச்சுத் தப்புன்னு விட்டுட்டேன்."

கத்துவதற்கு எடுத்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது. இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு எந்தத் தேர்வில் தேறுவது? ஆனால் அச்சடித்த புத்தகத்தை விட அவளைப் பெரிதாக நம்புகிறவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து அவனுக்கும் பாடம் நடந்தது. "நூறு மீன்ல பதினஞ்ச எடுத்தா பதினஞ்சு சதவீதம். நானூறு மீன்ல?"

"அறுபது. ஆனா அவ்வளவு மீன் கிடைச்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

கணக்கு அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. தப்பு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையை அவன் சொன்னதே கிடையாது. மூன்று வாரம் கழித்து, ஒரு கொத்தனாரின் மாதக் கூலியில் அவள் மறுபடியும் ஆறு நாளை விழுங்கியபோது, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக, "தப்பு" என்றான். உடனே, "கோவிச்சுக்காத" என்றும் சேர்த்துக்கொண்டான்.

தேர்வில் ஒரு ரொட்டிக் கடைக்காரிக்கு மாதச் சம்பளம் கேட்டிருந்தார்கள். செவெரினா வேலை நாள் இருபது என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகு, மெதுவாகச் சொன்ன அந்தத் "தப்பு" காதில் விழுந்தது. அடித்துவிட்டு இருபத்தாறு என்று எழுதினாள்.

தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டே மதிப்பெண் கூடுதலாக எடுத்துத் தேறினாள். ஆலையில் வேலையும் கிடைத்தது.

அங்கே முதல் பௌர்ணமி வந்தபோது படகுகள் கரையில் கிடந்தன. கிரிசாந்தோ அவளுக்குச் சோறும் வினிகரில் தோய்த்த கருவாடும் கட்டிக் கொடுத்து ஆறு நாளும் ஆலை வாசல் வரை கூடவே நடந்தான். மாதக் கடைசியில் அவள் சம்பளச் சீட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் வலையை ஓரமாக வைத்தான். நாள் கூலி, இருபத்தாறு நாட்கள், பெருக்கல் என்று விரலால் தரையில் எழுதி எழுதிப் பார்த்தான். ஒரு இடத்தில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடியும் போட்டான்.

"சரி" என்றான்.

எத்தனையோ முறை கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள்.